வீட்டில் போட்டுப் பாருங்கள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே உனக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். போனில் அம்மா, "எல்லாரும் நல்லாருக்கோம், கடையும் நல்லாப் போகுது" என்கிறாள். நீ "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்று கேட்டால் அதற்கும் ஒரு "ம்". இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வரிகூட உண்மை பேசுவதில்லை. போனை என்னிடம் கொடுத்தாலும் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

முதலில் நீ போன நாளைப் பற்றி. அதை அப்பா ஒரு மாதிரி சொல்கிறார், அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். நான் அப்போது கடைக்குள்ளேயே, தொங்கு விளக்குகளுக்குக் கீழே வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சாட்சி நான்தான்.

பச்சை ஷேடு போட்ட மேசை விளக்கை ஒரு பெண்மணி திருப்பிக் கொண்டுவந்தார். "வீட்டில் போட்டுப் பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள்" என்று வாசலில் அப்பா எழுதி வைத்த பலகையைப் பார்த்து எடுத்துப் போனவர். "எங்க ரூமுக்கு ஒத்து வரல" என்றார். ஷேடில் ஒரு நாணய அகலத்துக்குக் கருகியிருந்தது. நீ காசு கேட்டாய். "எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். "அப்ப கண்ண மூடிக்கிட்டா எடுத்துட்டுப் போனீங்க?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்து, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்பா குறுக்கே வந்து, "பரவால்லம்மா, நீங்க போங்க" என்றார். அந்தப் பெண்மணி படி இறங்குவதற்குள், அவர் காதில் விழும்படியே அப்பா உன்னிடம், "கடை என்னுது. யார்கிட்ட காசு வாங்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கல்லூரிக்குப் போகவேண்டிய இரண்டு வருடத்தை அந்தக் கடையில் விளக்குத் துடைத்துக் கழித்தவள் நீ. கையிலிருந்த துடைக்கும் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாய். "உங்க கடைய நீங்களே பாத்துக்குங்க" என்றாய். இதில் ஒரு சொல்லும் நான் சேர்த்ததில்லை.

இப்போது கடையின் நிலைமை. வருகிறவர்களில் பலர் விலையை விசாரித்துவிட்டு, வாசலிலேயே நின்று போனில் அதே மாதிரி விளக்கைத் தேடுகிறார்கள். எல்லா விளக்கையும் எரிய விட்டால்தான் ஆள் உள்ளே வருவார்கள். எரிய விட்டால் கரண்ட் பில் கழுத்தைப் பிடிக்கிறது. சாயங்காலம் ஷேடுகளுக்குள் விழும் பூச்சிகளைத் தட்டிக் கொட்டுவது இப்போது என் வேலை. காய்ச்சல் வந்தபோதும் அப்பா கடையைத் திறந்தார். "முதலாளிக்கு லீவு லெட்டர் யார்கிட்டக் குடுக்கறது?" என்று கேட்டார். சிரிக்கத்தான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால், அப்பா இன்றும், நீ பக்கத்தில் நிற்பது போல, "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்றுதான் சொல்கிறார். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது.

உன் தங்கை

ஜூன் 20

புழுவுக்கு,

நீ புத்தகப் புழு என்று தெரியும். தபால் பெட்டியையும் துளைப்பாய் என்று நினைக்கவில்லை. "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடறாங்க?" என்று கேட்டபடி ஹாஸ்டல் வார்டன் உன் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தார்.

நான் நன்றாக இருக்கிறேன். நாற்காலி, கட்டில் விற்கும் பெரிய கடையில் பில் போடுகிறேன். வேலை நேரம் முடிந்தால் வெளியே வந்துவிடலாம், கடை ஓடுகிறதா படுக்கிறதா என்பது என் தலைவலி இல்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குப் புரியாது. அறையில் நாலு பேர். மேலே ஒரு டியூப்லைட். அதன் கீழே நாலு பேருக்கும் சீக்கு வந்த முகம். அப்பா பார்த்தால் "ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்பார். ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்த காலமெல்லாம் அந்த வெளிச்சத்தில் மனுஷ முகங்களைப் பார்த்துச் சலித்துத்தானே, வேலையை விட்டு, வந்த பணத்தையெல்லாம் போட்டு இந்தக் கடையைத் திறந்தார்? "முகம் நல்லாத் தெரியற வெளிச்சம் விக்கப் போறேன்" என்று அவர் சொன்னபோது நான்தான் முதலில் கை தட்டினேன். அதையும் உன் உண்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்.

கடையைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று. விளக்கை வெளியே கொடுக்கும்போது பாதி விலையை டெபாசிட்டாக வாங்கச் சொல். நல்லபடியாகத் திரும்பி வந்தால் பணத்தையும் திருப்பித் தரலாம். வாங்குகிற எண்ணம் உள்ளவன் கொடுப்பான், இரவல் கேட்டு வருகிறவன் ஓடுவான். இதை இரண்டு வருடம் சொன்னேன், சுவரிடம் சொன்ன மாதிரிதான். நீ உன் யோசனையாகச் சொல்லிப் பார். என் பெயர் வரக்கூடாது.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபப்படுவாய். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

டெபாசிட் பற்றி நீ சொன்னபடி என் யோசனையாகத்தான் அப்பாவிடம் ஆரம்பித்தேன். அவர் ஒரு ஹோல்டரில் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவதை நிறுத்தி, "இது உன் வார்த்தை இல்லையே. யார் சொன்னா?" என்றார். அப்பா என் கண்ணைப் பார்த்துக் கேட்டார் அக்கா. எனக்குப் பொய் வரவில்லை. "அக்கா லெட்டர் போட்டிருக்கா" என்றேன்.

"கடையப் பத்தியா எழுதியிருக்கா?"

"ஆமாம்பா. விளக்க சும்மா வெளிய குடுக்க வேணாம்னு எழுதியிருக்கா."

அப்பா ஹோல்டரைக் கீழே வைத்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார், பலகையைக் கழற்றினார். துடைத்து, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி உள்ளே சாய்த்து வைத்தார். "இனிமே விளக்கு வெளிய போகாது" என்றார். டெபாசிட் என்று நான் மறுபடி எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு அரைகுறையா? அவ சொன்னது சொன்னதுதான்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகிறது.

மறுநாள் எதிர்க்கடை போட்டோக்காரர் வந்தார். "அண்ணே, அந்த மஞ்ச விளக்க ஒரு நாள் வீட்ல போட்டுப் பாக்கறேன்" என்றார். அவர் வீட்டில் போட்டுப் பார்க்காத விளக்கு நம் கடையில் இல்லை என்பதும், இந்த வட்டாரத்துக் கல்யாணப் படங்களில் பாதி நம் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது என்பதும் உனக்குத் தெரியும்.

"இல்லப்பா. மேனேஜர் உத்தரவு."

"மேனேஜர் வந்தாச்சா?" என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உத்தரவு வந்திருக்கு."

"என்னண்ணே இது, இத்தன வருஷப் பழக்கம்!"

"பழக்கம் உனக்கும் எனக்கும். விளக்கு மேனேஜரோடது."

போட்டோக்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அது மட்டுமில்லை. நேற்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விடுதியின் முதலாளி வந்தார். மாடி அறைகள் எல்லாவற்றுக்கும் விளக்கு மாற்றப் போகிறாராம். பித்தளை வளையம் வைத்த தொங்கு விளக்கையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணக் குடுங்க, ஒரு ரூம்ல மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அப்பாவின் கை விளக்கு வரை போய்விட்டது. அப்படியே நின்று, கீழே இறங்கியது. "மன்னிக்கணுங்க. இப்ப வெளிய குடுக்கறதில்ல" என்றார். "மாட்டிப் பாக்காம எப்படிங்க அத்தனையும் வாங்கறது?" என்றார் அவர். "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை பெரிய ஆளிடமும் அப்பா உன் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

உன் தங்கை

ஜூலை 15

புழுவே,

பெருமையா? உன் கடிதத்தைப் பில் மேசையில் நின்று படித்தேன். எதிரே வரிசை நின்றது. இரண்டு முறை தப்பாகப் பில் போட்டேன்.

டெபாசிட் வாங்கச் சொன்னேன். கொடுக்கவே வேண்டாம் என்று யார் சொன்னது? நம் கடையில் வேறு என்ன இருந்தது? விலை குறைவா, ரகம் அதிகமா? பெரிய கடை செய்யாததை அப்பா செய்தார், அது ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். எங்கள் கடையில் மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், தெரியுமா? முன்பணம் வாங்கிக்கொண்டு! அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை, பாதி மட்டும் யோசித்தது. மீதிப் பாதியை நான் யோசித்து வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் வாயில்லை.

அந்த விடுதிக்காரர் எத்தனை அறை வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, பித்தளை வளையம் வைத்ததை அப்பாவே எடுத்துக்கொண்டு போய் மாட்டிக் காட்டச் சொல். டெபாசிட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்பாய். நேற்று அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை அப்பா, "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன், ஆனால் மறுபடி கூப்பிடவில்லை. உனக்கு உண்மை வேண்டுமல்லவா, வைத்துக்கொள்.

பக்கத்தில் இருந்து இரண்டு வருடம் சொன்னபோது ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. இப்போது எதற்கு இப்படித் தலைகீழாகக் கேட்கிறார்?

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆகிவிட்டது. அப்பாவிடம் அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே சட்டையை மாற்றிக்கொண்டார். பித்தளை வளைய விளக்கைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன்.

விடுதியின் மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. நடை முழுக்க வெள்ளை வெளிச்சம். எல்லா அறைகளிலும் புது டியூப்லைட். ஒரு ஆள் காலி அட்டைப் பெட்டிகளை மிதித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

விடுதிக்காரர் நல்லவர். எங்களை உட்காரச் சொன்னார். "நீங்க அன்னிக்கே குடுத்திருந்தா நான் வேற கடைக்கே போயிருக்க மாட்டேன்" என்றார். "ஆமாங்க" என்றார் அப்பா. போர்வையைப் பிரிக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். "நான் சரியாச் சொல்லலியாப்பா?" என்று கேட்டேன்.

"நீ டெபாசிட்னுதான் சொன்ன. என் காதுலதான் அது விழல" என்றார். "அவ கடையப் பத்தி எழுதியிருக்கான்னு கேட்டதும் எனக்கு வேற ஒண்ணும் கேக்கல."

பிறகு அவராகவே சொன்னார். "இந்த ஆர்டர் வந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அவ்வளவுதான். வேல தெரிஞ்சா தொழில் தெரியும்னு நெனச்சு எறங்கிட்டேன். எந்த வயரு எங்க போகணும்னு தெரியும். யார் பேச்ச எப்பக் கேக்கணும்னு தெரியல. கேக்க வேண்டிய ரெண்டு வருஷம் கேக்கல."

பஸ் வந்தது. ஏறியபின், "மேனேஜர் அன்னிக்குப் போன் பண்ணா, தெரியுமா? கட் ஆயிடுச்சு. அங்க டவர் சரியில்ல போல" என்றார். உன் கடிதத்தின் அந்தப் பகுதியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. முதல் முறையாக உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். அது பொய்யில் சேருமா என்று தெரியவில்லை.

இம்மாதக் கடைசியோடு கடையை மூடுகிறோம். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மொத்த வியாபாரி வந்து, பெட்டி பிரிக்காதவற்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெளியே போய் வந்த விளக்குகளை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் ஊர் மேஞ்ச மாடுங்க" என்றார். அப்பாவுக்குப் பழைய ஆஸ்பத்திரியிலேயே, காண்ட்ராக்டரின் கீழே, வேலை கிடைத்திருக்கிறது. முன்பு அப்பாவிடம் வேலை கற்றவர்தான் இப்போது மேற்பார்வையாளர்.

அம்மா எதுவும் சொல்வதில்லை. நேற்று மட்டும், "உங்கப்பாவுக்கு வாங்க வந்தவனும் விருந்தாளி, சும்மா பாக்க வந்தவனும் விருந்தாளி. கடைக்காரனா ஒரு நாளாவது நின்னாரா?" என்றாள். சொல்லிவிட்டு, அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கடைசியாகக் கடை சாத்துகிறோம். நீ வரவேண்டும் அக்கா. அப்பா கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 20

புழுவுக்கு,

மாதக் கடைசியில் சரக்குக் கணக்கெடுப்பு. யாருக்கும் லீவு கிடையாது. கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை.

மேலே எழுதியது உண்மை. ஆனால் லீவு கிடைக்காது என்று தெரிந்தபோது மூச்சு சீராக வந்தது, அதுவும் உண்மை. அப்பா என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் வந்து சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கு என்னிடம் எல்லாம் தயாராக இருக்கிறது. "என் காதுல விழல" என்று அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சொன்னதற்குப் பதில் என்னிடம் இல்லை. அந்த ஆளின் எதிரில் எந்த முகத்தோடு நிற்பது?

போன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டாய். நல்லது. நீ கெட்டுப்போகிறாய்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது அவருக்கு. வீட்டில் கொடுக்காதே. கடை சாத்தும்போது, கடைக்குள் நின்று, சத்தமாக வாசி.

அக்கா

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நடந்ததை, நீ பக்கத்தில் நின்று பார்த்தது போல இருக்கும்படி எழுத முயல்கிறேன்.

காலையில் மொத்த வியாபாரியின் வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிப் போனது. மிஞ்சியவை, ஊர் சுற்றி வந்த விளக்குகள் மட்டும். மதியத்துக்கு மேல் அவற்றை அப்பா வந்த விலைக்குக் கொடுத்தார். போட்டோக்காரர் அந்த மஞ்சள் விளக்கை வாங்க வந்தார். அப்பா சொன்ன விலைக்கு மேலேயே நீட்டினார். "எதுக்குப்பா?" என்றார் அப்பா. "வாடக பாக்கின்னு வச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். விற்றவர்களிடமெல்லாம், சாயங்காலம் கடை சாத்திய பிறகு வந்து எடுத்துக்கொள்ளும்படி அப்பா கேட்டுக்கொண்டார். கடைசி நாளில் கடை இருட்டாக இருக்கக் கூடாது என்றார்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் எல்லா விளக்கையும் போட்டோம். அம்மாவும் வந்திருந்தாள். நீ இருந்த நாட்களில் கடை சாத்தும்போது விளக்குகளை அணைப்பது உன் வேலை. அணைவதைப் பார்க்க மனமில்லாமல், அணைத்து முடிக்கும் வரை அப்பா தெருவில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நீ போனபின் அது என் வேலையானது. இன்றும் அவர் செருப்பைத் தேடினார். "அப்பா, மேனேஜர் லெட்டர் வந்திருக்கு" என்றேன். அவர் நின்றார். நான் வாசித்தேன். நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், சரியாக வாசித்தேனா என்று நீ பார்க்கவேண்டும்.

"அப்பா, தெருவுக்குப் போகாதீர்கள். இன்று நீங்கள்தான் அணைக்க வேண்டும். கடை என்னுது என்று சொன்னீர்கள். எனக்கு வலித்தது. ஆனால் அது சரிதான், அது உங்களுடையது. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு இப்படி ஒரு வெளிச்சத்தை நினைத்துப் பார்த்தது நீங்கள்தான், நான் இல்லை. முதலில் பின்சுவர் விளக்குகள். அடுத்து தொங்குபவை. அவற்றின் ஸ்விட்ச் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அழுத்திப் பிடியுங்கள். பிறகு மேசை விளக்குகள். ஜன்னலோரம் இருப்பதைக் கடைசியில் அணையுங்கள். தெருவில் போகிற யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். நான் தினமும் அதற்காகத்தான் அதைக் கடைசியில் அணைத்தேன். உங்களிடம் சொன்னதில்லை. இப்படிக்கு, மேனேஜர்."

அப்பா தாளை வாங்கவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்காளா?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். "மேனேஜர்னா போட்டிருக்கா?" என்றார். அம்மா புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். பின்சுவரை அணைத்தார். தொங்கு விளக்கு ஸ்விட்ச் தளர்ந்துதான் இருந்தது, அழுத்திப் பிடித்தார். மேசை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, பச்சை ஷேடு விளக்கின் அருகில் நின்றார். ஆமாம், அதேதான். கருகிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, நீ போன நாளிலிருந்து அதைத் தினமும் எரியவிட்டுக்கொண்டிருந்தார். யார் கேட்டும் விற்கவில்லை. இதை நான் உனக்கு எழுதாமல் விட்டிருக்கிறேன். தினமும் பார்ப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அதன் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, விடுதிக்குக் கொண்டுபோன அதே போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"உங்கக்கா ரூம்ல டியூப்லைட்னு சொன்னியே. இத அனுப்பி வை. வீட்ல போட்டுப் பாக்கச் சொல்லு."

பிறகு, எத்தனையோ பேரிடம் வாசலில் நின்று சொன்ன அதே குரலில் சொன்னார்.

"பிடிக்கலேன்னா பரவால்ல. அவளே திருப்பிக் கொண்டு வந்து குடுக்கட்டும்."

கடையே இல்லாதபோது எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று நான் கேட்கவில்லை அக்கா. எனக்குப் புரிந்தது. உனக்கும் புரியும்.

விளக்கு நாளை பார்சலில் வரும். கருகிய பக்கத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

மிஞ்சியது ஜன்னலோர விளக்கு. அப்பா அதன் ஸ்விட்சில் கை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சைக்கிளில் போன ஒருவர், யாரென்று தெரியவில்லை, வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனார்.

அப்பா விளக்கை அணைத்தார்.